கொலைகாரனைப் பார்க்கக் குற்றாலம் போனேன்

அந்தத் தொடரில் முதல் பிணம் வாஷிங் மெஷினுக்குள் இருந்தது. சயின்ஸ் டீச்சர் வீட்டு ஹாலில் வாழைக்காய் பஜ்ஜித் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தோம். மெஷின் கதவைத் திறந்த போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் காயலையே" என்றார். நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். பிணத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டோமே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆளுக்கொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் தென்காசியில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். அவள் அறிவியல், நான் கணக்கு. ஒன்பது வருஷமாக ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்காரர் கேரம் விளையாடக் கிளம்பியதும் எனக்கு போன் வரும். மொத்தம் எட்டு எபிசோட். ஒரு ஞாயிற்றுக்கு ஒன்றுதான் என்பது அவள் போட்ட சட்டம். "மொத்தமாப் பாத்தா பயம் வீணாப் போயிரும்ட்டி" என்பாள்.

கதை சென்னையில் நடக்கிறது. விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண், டேட்டிங் ஆப் வழியாக ஆண்களைச் சந்திக்கிறாள். அவள் யாரைச் சந்தித்தாலும் இரண்டு நாளில் அந்த ஆள் செத்துக் கிடக்கிறான். ஒவ்வொரு பிணத்தின் முகத்திலும் திருப்தியாக ஒரு சிரிப்பு. அவளைச் சுற்றியே ஒரு மனிதன் வருகிறான். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு, மனைவியை இழந்தவன், எதிரே யார் வந்தாலும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பவன். ஆறாவது எபிசோட் முடிந்தபோது சயின்ஸ் டீச்சர் டிவியை அணைத்துவிட்டுத் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "இவன்தான். இவ்வளவு அன்பா ஒருத்தன் சும்மா பேசுவானா?"

அதற்கு மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் நான் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வர்ற சனிக்கிழமை ஒருத்தரப் பாக்கப் போறேன். ஆப்ல பழக்கம்."

அவள் தயிர்ச்சாதத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. "எந்த ஆப்பு?"

"அந்த மாதிரி ஆப்புதான். நல்ல மனுசன் மாதிரி இருக்கு. பொண்டாட்டி செத்துப்போயாச்சு. ரொம்ப மெதுவாப் பேசுவாரு."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் வாழ்க்கைப்பட்டு, இரண்டே வருஷத்தில் அது முறிந்து, ஊருக்குத் திரும்பி வந்தவள். குத்துக்கல்வலசையில் அம்மாவும் நானும் இருந்தோம். அம்மா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்கு இன்னொரு கல்யாணம் பண்ண வேண்டும் என்று அவள் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து மாடிக்குப் போய்விடுவேன். அந்த மாடியில் உட்கார்ந்துதான் ஆப்பை இறக்கினேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் டேட்டிங் ஆப்பில் இருக்கிற ஆபத்து சென்னைக்காரர்களுக்குத் தெரியாது. பத்து கிலோமீட்டருக்குள் தேடச் சொன்னால் முதலில் வந்தது எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர். இரண்டாவது, எட்டாம் வகுப்பில் பின்னம் வராமல் என்னிடம் அழுத பையன். இப்போது கூலிங்கிளாஸ் போட்டு பைக்கில் சாய்ந்து நிற்கிறான். மூன்றாவது என் சித்தப்பா மகன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அதில் தனி ஆள் என்றும் மலையேற்றம் பிடிக்கும் என்றும் போட்டிருந்தான். என் படத்தை அவனும் பார்த்திருக்க வேண்டும். அடுத்த மாதம் பண்பொழி மலைக்கோயிலுக்குக் குடும்பத்தோடு போனபோது, ஒரு வார்த்தை பேசாமல் என் பையை வாங்கி, அத்தனை படிக்கட்டும் தூக்கிக்கொண்டு வந்தான். என் அம்மா, "எவ்வளவு மரியாதையான பையன், பாத்தியா" என்றாள்.

இதற்கெல்லாம் நடுவில்தான் அவருடைய படம் வந்தது. படத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் பெரிய சேனைக்கிழங்கு ஒன்றை மார்போடு தூக்கிப் பிடித்திருந்தார். மூக்குக்கு மேலேதான் ஆள், கீழே எல்லாம் சேனை. அவர் அனுப்பிய முதல் செய்தி இது: "வணக்கம். நீங்கள் கணக்கு ஆசிரியை என்று போட்டிருக்கிறீர்கள். நான் எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் செய்கிறேன். இரண்டு பேருக்கும் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு."

மற்றவர்கள் எல்லாம் 'ஹாய் டியர்' என்று ஆரம்பித்து ரோஜாப்பூப் படம் அனுப்பியவர்கள். இவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்தார். பல்லி புகுந்து முட்டை போட்ட தராசு, ஐம்பது கிராம் கூடவே காட்டும் தராசு, ரிப்பேர் செய்ததற்காகத் திட்டிய வியாபாரி என்று தினமும் சாயங்காலம் ஒன்று எழுதுவார். ஒரு மாதம் போயிற்று. ஐந்து மணி ஆனால் நான் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

இவ்வளவையும் சயின்ஸ் டீச்சர் கேட்டாள். செய்திகளை வாங்கி ஒன்றுவிடாமல் படித்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து விசாரணையை ஆரம்பித்தாள்.

"பொண்டாட்டி எப்படிச் செத்தா?"

"டெங்கு."

"டெங்குன்னு அவன் சொல்லுதான்."

"ஏட்டி, ஆறு வருசத்துக்கு முந்தி, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரில..."

"மொகத்த ஏன் கெழங்கு வச்சு மறைக்கான்? மெசேஜ்ல எவனாவது முற்றுப்புள்ளி வைப்பானா? நல்லா யோசிச்சு, திட்டம் போட்டு எழுதுதவன்தான் வைப்பான்."

போகாதே என்று அவள் சொல்லவில்லை. போனால் தானும் வருவேன் என்றாள். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குப் போகக்கூடாது. குற்றாலத்தில் சீசன், பேரருவிப் பக்கம் ஜனம் நெரியும், அங்கேயே ஓர் ஓட்டலில் பார். அவன் கொடுப்பது எதையும் வாயில் வைக்காதே. ஆபத்து என்று தோன்றினால் "பேப்பர் திருத்தணும்" என்று சத்தமாகச் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று கேட்டேன். மிளகாய்ப்பொடி கொண்டுவருவாளாம்.

அம்மாவிடம் ஓய்வு பெறும் டீச்சர் ஒருவருக்குப் பிரிவு உபசாரம் என்று பொய் சொன்னேன். வெறுங்கையோடு போகலாமா என்று அவள் முந்தின நாளே உட்கார்ந்து முந்திரிக்கொத்து செய்து, ஒரு சம்படம் நிறைய அடுக்கிக் கையில் கொடுத்துவிட்டாள். பாசிப்பயறும் வெல்லமும் ஏலக்காயும் மணக்கிற அந்தச் சம்படத்தை மறுத்தால் சந்தேகம் வரும். தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

தென்காசியில் பஸ் ஏறினோம். திட்டப்படி சயின்ஸ் டீச்சர் மூன்று சீட் தள்ளி, என்னைத் தெரியாதவள் மாதிரி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடு, கண்ணில் அவள் வீட்டுக்காரருடைய கூலிங்கிளாஸ். கண்டக்டர் மகள் எங்களிடம் படிக்கிறாள். அவர் விசிலை ஊதிவிட்டு, "என்ன, ரெண்டு டீச்சரும் குளிக்கப் போறியளா?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஓட்டலுக்குள் பாதிப் பேர் ஈரத்துண்டோடு உட்கார்ந்து பூரி தின்றுகொண்டிருந்தார்கள். தரையெல்லாம் தண்ணீர். மூலையில் ஒரு மேஜையில் வாசலைப் பார்த்து அவர் இருந்தார். சேனை இல்லாததால் முழு முகமும் தெரிந்தது. ஒல்லியான, கூச்சமான முகம். சட்டை வெள்ளை. இஸ்திரி போட்ட, பளீரென்ற வெள்ளை.

பின்னால் சயின்ஸ் டீச்சர் இருமினாள்.

நான் உட்கார்ந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார். "சாப்பிட்டீங்களா?"

பின்னால் ஸ்பூன் ஒன்று கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"சாப்பிட்டேன்" என்றேன். அவர் இரண்டு காபி சொன்னார். காபி வந்தது. நான் குடிக்கவில்லை, காரணம் இருந்தது. அவரும் குடிக்கவில்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை. நான் டம்ளரைத் தொட்டால் அவர் என் டம்ளரைப் பார்த்தார். அவர் தொட்டால் நான் அவர் டம்ளரைப் பார்த்தேன். தராசைப் பற்றியும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஏதோ பேசினோம். ஒரு மாதமாக அத்தனை சுலபமாக எழுதிக்கொண்டவர்கள் வாயைத் திறந்தால், இரண்டு பேரும் லஞ்சம் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி இருந்தது. இரண்டு காபியிலும் ஆடை படிந்தது.

பேச்சு நின்றுபோன ஒரு சமயத்தில், வேறு வழி தெரியாமல் சம்படத்தைத் திறந்து அவர் பக்கம் தள்ளினேன்.

"எடுத்துக்கோங்க. முந்திரிக்கொத்து."

அவர் முகம் வெளிறிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். "நீங்க... நீங்க எடுக்கலையா?"

"நான் காலையிலேயே தின்னுட்டேன். இது உங்களுக்குத்தான். பூராவும்."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பாதி எழுந்தார். அதே நேரம் அவருக்குப் பின்னால் இரண்டு மேஜை தள்ளி, அதுவரை என்னையே முறைத்துக்கொண்டு வடை தின்ற ஒரு பெரிய ஆளும் எழுந்தார். ஆறடி உயரம், தோளில் துண்டு, கையில் காயம் காய்ந்த தழும்பு. கூட்டாளி! தொடரில் கூட்டாளி வரவில்லையே என்று ஒரு நொடி யோசித்தேன். பிறகு, "எனக்குப் பேப்பர் திருத்தணும்" என்றேன்.

பின்னால் ஒரு அசைவும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். சயின்ஸ் டீச்சர் நெய்ரோஸ்டில் மும்முரமாக இருந்தாள்.

"பேப்பர் திருத்தணும்!" என்று கத்தினேன். சர்வர்கூடத் திரும்பிப் பார்த்தார். "நெறைய இருக்கு, திருத்தணும்!"

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒரு கையில் ரோஸ்ட் துண்டோடு எழுந்து, கைப்பையைத் திறந்து, பொட்டலத்தைப் பிரித்து, என்னை நோக்கி வந்த அந்தப் பெரிய ஆளின் முகத்தில் வீசினாள். ஓட்டல் முழுக்கக் கமகமவென்று ஒரு வாசனை கிளம்பியது. அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக ஏழெட்டுத் தும்மல் போட்டார்.

"ஏட்டி, இது சாம்பார் பொடில்லா!" என்றேன்.

"மொளகாப்பொடி தீந்துபோச்சு!" என்று அவள் மூச்சிரைத்தாள்.

"அத்தான்!" என்று கத்திக்கொண்டு தராசுக்காரர் தண்ணீர் ஜக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அத்தானா? நானும் சயின்ஸ் டீச்சரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கை கழுவும் இடத்தில் அவர் ஊற்ற ஊற்ற, அந்த ஆள் முகத்தைக் கழுவினார். அந்த ஆள் இவருடைய அக்கா வீட்டுக்காரர். சந்தையில் டெம்போ ஓட்டுகிறவர். மச்சினனுக்குப் பாதுகாப்பாக வந்திருக்கிறார். கண்ணைத் திறக்க முடியாமலே டெம்போக்காரர் பேசினார்.

"நாஞ்சொன்னேம்லா மாப்ள! படிச்ச பொம்பள, தனியா இருக்கா, தானா தேடி வாரான்னா யோசின்னு சொன்னேம்லா! கடைசி எபிசோட்ல அப்பிடித்தான காட்டுனான்? அந்த விளம்பரக் கம்பெனிக்காரிதான் அத்தன பேரயும் கொன்னிருக்கா. சம்படத்துல பலகாரம் கொண்டாந்து, நான் காலையிலேயே தின்னுட்டேன், இது ஒங்களுக்குத்தான்னு சொல்லிச் சொல்லியே..."

பக்கத்து மேஜைக்காரர்கள் என் சம்படத்தை எட்டிப் பார்த்தார்கள்.

சயின்ஸ் டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆபத்து நீங்கியதில் தளர்ந்துவிட்டாள் என்று நினைத்து அவள் தோளைத் தொட்டேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"நாங்க ஆறுதான பாத்திருக்கோம்" என்றாள். "இன்னும் ரெண்டு இருக்கே. இப்பிடிக் கதையச் சொல்லிட்டீங்களே அண்ணாச்சி, நீங்க நல்லா இருப்பீங்களா?"

அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மன்னிச்சிருங்க தங்கச்சி. பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். முகத்தில் பொடி வாங்கியவர்தான் மன்னிப்புக் கேட்டார்.

ஓட்டல் முதலாளி எங்களை ரொம்ப மரியாதையாக வெளியே போகச் சொன்னார். நாலு பேரும் வெளியே வந்து, மங்குஸ்தான் விற்கிற வண்டிக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பி ஓரமாக நின்றோம். அருவிச் சத்தம் பெரிதாக இருந்தது. பேசாமல் நிற்க வசதியாக இருந்தது. நான் சம்படத்தை மூடாமலே கையில் பிடித்திருந்திருக்கிறேன். மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கியது. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் ஒரு கை முந்திரிக்கொத்தை அள்ளிக்கொண்டு மதில்மேல் ஏறி உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது.

நாலு பேரும் அதையே பார்த்தோம். எதற்காகப் பார்க்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. குரங்கு ஒன்றைத் தின்றது. இரண்டாவதைத் தின்றது. விரலை நக்கியது. பேன் பார்த்துக்கொண்டது.

"சாவலையே" என்றார் டெம்போக்காரர் தாழ்ந்த குரலில்.

"மெதுவா வேல செய்யுத வெசமும் இருக்கு அண்ணாச்சி" என்றாள் சயின்ஸ் டீச்சர். அறிவியல் டீச்சர் அல்லவா, சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் அவள் காலை மிதித்தேன்.

அப்போது தராசுக்காரர் கையை நீட்டி, சம்படத்தில் மிச்சமிருந்ததில் ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். கன்னம் உப்ப மென்று விழுங்கினார். எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக நான் கொடுத்ததை இவ்வளவு தைரியமாக யாரும் வாங்கித் தின்றதில்லை.

"நல்லா இருக்கு டீச்சர்" என்றார். "பாகு சரியா வந்திருக்கு. நீங்க செஞ்சதா?"

"அம்மா செஞ்சது."

"வீட்ல தெரியுமா, நீங்க வந்தது?"

தெரியாது என்று நான் சொல்ல வாயெடுக்கையில், "ஏட்டி, நீ இங்கன என்ன செய்யுத?" என்று ஒரு குரல் கேட்டது. எங்கள் எதிர்வீட்டு அக்கா. அருவியிலிருந்து அப்போதுதான் ஏறி வருகிறாள். சேலையும் தலையும் சொட்டச் சொட்ட, குடும்பத்தோடு நிற்கிறாள். பார்வை என் மேல், அவர் மேல், சம்படத்தின் மேல், புருவமெல்லாம் மஞ்சளாக நின்ற டெம்போக்காரர் மேல் ஒவ்வொன்றாகப் போயிற்று. அவ்வளவு நேரத்தில் எனக்கு உண்மையான பயம் வந்தது அப்போதுதான்.

டெம்போக்காரர் முந்திக்கொண்டார். "டீச்சரு பள்ளிக்கூடத்துக்குத் தராசு பாக்க வந்திருக்காவ. லேபுக்கு."

"குத்தாலத்துலயா?" என்றாள் அக்கா.

நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா வாசலிலேயே நின்றாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சம்படத்தை வாங்கித் திறந்து பார்த்து, "எத்தன தின்னாரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணு. கொஞ்சத்தக் கொரங்கு தூக்கிட்டுப் போயிட்டு."

"ஒண்ணுதானா?" அவள் யோசித்தாள். "சீக்காளியா?"

நான் அந்த மாடிப்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆப்பு, சேனை, டெங்கு, எல்லாம். சித்தப்பா மகனை மட்டும் விட்டுவிட்டேன். முடிவில் அம்மா, "வரச் சொல்லு. என் முன்னால ஒக்காந்து நாலு இட்லி தின்னட்டும். பொறவு பாப்போம்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வெள்ளைச் சட்டை போட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நீலச் சட்டையில் வந்தார். ஆறு இட்லி சாப்பிட்டார். அம்மா அவருடைய மனைவியைப் பற்றி நேராகவே கேட்டாள். காய்ச்சல் என்று நான்கு நாள் கடை மாத்திரையிலேயே ஓட்டிவிட்டதையும், ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் கேட்ட கேள்வியையும் அவர் சொன்னார். சொல்லும்போது இட்லித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இன்னும் கொஞ்சம் சட்னி வைத்தாள்.

தை மாதம் பதிவு ஆபீசில் கல்யாணம் முடிந்தது. ரொம்பப் பேரைக் கூப்பிடவில்லை. இப்போது பாவூர்சத்திரத்தில் இருக்கிறோம். காலையில் நான் தென்காசி பஸ்ஸைப் பிடிக்கிறேன்; பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது என் சேலையில் கொத்தமல்லி வாசம் அடிப்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். பஸ்ஸில் கூட வருகிறவை எல்லாம் காய்கறிக் கூடைகள்.

வீட்டு ஹாலில் அவருடைய முதல் மனைவி படம் இருந்தது. நான் போன முதல் வாரம், எடுத்துவிடட்டுமா என்று அவர் ரொம்பத் தயங்கிக் கேட்டார். இருக்கட்டும் என்றேன். என் அம்மாவுக்கு இன்றுவரை அது பிடிக்கவில்லை. வரும்போதெல்லாம் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள். எனக்கும் முதல் சில நாள் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. சமையல்கட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று அந்தப் பெண் சின்னச் சீட்டுகளில் எழுதி ஒட்டியிருக்கிறாள், அழகான கையெழுத்து. பாதி டப்பாக்களில் நான் வேறு சாமான் போட்டுவிட்டேன். சீட்டுகளைக் கிழிக்கவில்லை. அதனால் அவர் சமைக்கிற நாளில் காபியில் உப்பு விழுகிறது, அதற்காக இரண்டு பேரும் சண்டை போடுகிறோம்.